கிரி என்றால் மலை

ஊரிலிருந்து கப்பலேறி வந்த சதாசிவத்துக்கு ஜொகூரில் எதுவுமே பிடிக்கவில்லை. சோறு பிடிக்கவில்லை, வெயில் பிடிக்கவில்லை, எல்லாவற்றையும்விட இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்டாட்டி ராஜம்மா பேசும் தமிழ் பிடிக்கவில்லை. "பாதி மலாய், பாதி தமிழ். இனிமே என் காதுல விழக்கூடாது" என்று கல்யாணமான மறுவாரமே உத்தரவு போட்டுவிட்டார்.

ராஜம்மா பொறுத்துக்கொண்டாள். பெரிய ஆசையெல்லாம் ஒன்றுமில்லை. அவருக்குத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தால் பலகை வீடு உண்டு, விடியலில் எழுந்து ரப்பர் பால் வெட்ட வேண்டாம். சின்ன வயதிலிருந்தே அந்த மரங்களைக் கட்டிக்கொண்டு அழுதவள் அவள். அந்த வீட்டுக்காக இந்த மனிதரின் இலக்கணத்தையும் சகித்துக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

ரெங்கத்தில் ரயிலை விட்டு இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று தோட்டத்துத் துரை சொல்லியனுப்பியிருந்தார். நெடுநாளாக மழையில்லாமல் மண்பாதை மாவாகப் பொடிந்திருந்தது. பாதை பிரியும் இடத்தில், தலையில் சுள்ளிக்கட்டைப் பிடித்தபடி வந்த மலாய்க்காரரிடம் சதாசிவம் தோட்டத்தின் பெயரைச் சொன்னார்.

"கிரி லா, கிரி" என்று நிற்காமலே சொல்லிவிட்டுப் போனார் அவர்.

சதாசிவத்தின் முகம் மலர்ந்தது. "கேட்டியா? கிரின்னா மலை. மலாய்க்காரன் வாயில வர்ற நல்ல சொல்லு உன் வாயில வராது. மலை மேல ஏறணுமாம்."

மலாயில் கிரி என்றால் இடப்பக்கம். இடப்பக்கம் நல்ல வண்டிப்பாதை இருந்தது; வலப்பக்கம்தான் காடு மூடிய மலை. ராஜம்மா வாயைத் திறந்தாள். "ஏங்க, அது வந்து..."

"நீ பேசாம வா."

பேசாமல் போனாள். வழி தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கட்டும், சொல்லிவிடலாம். மனிதர் கேட்டால்தானே. எவனும் நடக்காத காட்டில், வேட்டியை மடித்துக்கட்டி, முள்ளை விலக்கிக்கொண்டு, சொல்லிலக்கணம் சொல்லிக்கொண்டே ஏறினார். ஓடைகள் வற்றிக் கிடந்தன. செம்புத் தண்ணீரையும் அவரே காலி செய்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தவளுக்கு, இவ்வளவு படித்த மண்டைக்குள் இவ்வளவு காலி இடமா என்று அருவருப்பாக இருந்தது. பாதி மலையிலாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் மூக்குடைபடுவதைப் பார்க்கிற ஆசை, பலகை வீட்டு ஆசையைவிடப் பெரிதாகிவிட்டது.

உச்சியிலிருந்து பார்த்தபோது, விட்டுவந்த வண்டிப்பாதையின் முடிவில் தோட்டத்துத் தகரக் கூரைகள் மின்னின. "சுத்திப் போகவும் ஒரு வழி இருக்கும்போல" என்றார் சதாசிவம்.

இருட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. திரும்பிப் போகவும் வழியில்லை. பால் வெட்டத்தான் ஆள் வேண்டுமென்றார் கங்காணி. கிரி என்றதும் மலையேறிய கதையைக் கேட்டு, கூலி வீடுகளின் வரிசையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

விடியலில் கங்காணி ஆட்களை நிற்கவைத்து வேலை பிரித்தார். "புது ஆளு, நீ கிரி."

சதாசிவம் சட்டென்று இடப்பக்கம் திரும்பினார். ஒரே நாளில் மலாய் வந்துவிட்டதே என்று ராஜம்மா உதட்டைச் சுழித்தாள். அப்போது கங்காணி அவளிடமும் ஒரு வாளியும் கத்தியும் நீட்டினார். கத்தியை எப்படிப் பிடிப்பதென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.