தபிதாவின் இடுப்புப் பை

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ஆண்பிள்ளைக்குக் கோட்டோடும் கால்சட்டையோடும் சேர்த்தே பை தைத்து வந்துவிடும். பெண்ணோ தனியாக ஒரு பை தைத்து, நாடாவால் இடுப்பில் கட்டிப் பாவாடைக்குள் தொங்கவிட வேண்டும். சந்தை நெரிசலில் யாராவது நாடாவை வெட்டிவிட்டால் தீர்ந்தது கதை. தபிதாவுக்கு நடந்ததும் அதுதான்.

திருடிய ஜூடித் பையோடு அன்றே பிடிபட்டாள். இப்போது நீதிமன்றம். பை தன்னுடையதுதான் என்று தபிதா நிரூபிக்க வேண்டும்.

"உள்ள என்னென்ன இருந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு," என்றார் நீதிபதி. அவர் கை தன் கோட்டுப் பைக்குள் சுகமாக இருந்தது.

"கத்தரிக்கோல், எஜமான். ஊசிப் பொட்டலம். பாதி இஞ்சி ரொட்டி. என் ரூம் சாவி. அப்புறம்... ஒரு துணி."

"என்ன துணி?"

"மாசாமாசம் பொம்பளைக்கு வேணுங்கிற துணி."

கூடத்தில் இருந்த அத்தனை ஆண்களும் சிரித்தார்கள். திருடுகொடுத்தவள் நான், கூண்டில் நிற்பதும் நானா என்று குமுறினாள் தபிதா.

குமாஸ்தா குற்றப்பத்திரிகையைப் படித்தான். "ஜோசையா குரோலின் உடைமையான பை ஒன்று..."

"அது என் பை! நான் தைச்சது!"

"கல்யாணம் ஆனவளுக்குத் தனிச் சொத்து ஏதும்மா? வழக்கு முடிஞ்சதும் உன் புருஷன் கையில கொடுத்துருவோம்," என்றார் நீதிபதி.

கூட்டத்தில் அவள் புருஷன் ஜோசையா தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தான். அவளுடைய விலா எலும்பை உடைத்தவன். மூன்று மாதங்களுக்கு முன் அவனைத் தலைமுழுகிவிட்டு ஆற்றுக்கு அக்கரையில் அறை பிடித்திருந்தாள். அந்த அறையின் சாவியில் தொங்கும் மரத்துண்டில் தெருவும் வீட்டு எண்ணும் எழுதியிருந்தன.

"சாவியையும் சேர்த்துத் தாங்க, எஜமான். பெண்டாட்டி குடியிருக்கிற இடத்தை நானும் பார்க்கணுமில்ல," என்று பல்லைக் காட்டினான்.

தபிதா நீதிபதி பக்கம் திரும்பினாள்.

"இது என் பை இல்ல, எஜமான்."

"இப்பத்தானே பட்டியல் போட்டே?"

"என்னுது நீல நாடா. இது பச்சை. ஊர்ல எல்லாப் பொம்பளை பையிலயும் இதேதான் இருக்கும். உங்க வீட்டம்மா பையைத் திறந்து பாருங்க."

நீதிபதியின் முகம் சிவந்தது. ஜோசையா "பொய்! பொய்!" என்று கத்தினான். ஆனால் அவனை விட்டு வந்தபின் தைத்த பை அது. அடையாளம் கேட்டபோது அவன் சொன்னதெல்லாம் தப்பாக இருந்தது. அரைமணி நேரம் தபிதாவைத் திட்டித் தீர்த்தபின், நீதிபதி ஜூடித்தை விடுதலை செய்து, பை யாருடையதென்று நிரூபணம் ஆகாததால், எடுத்த இடத்திலேயே கொடுங்கள் என்று பையை அவளிடமே தரச் சொன்னார்.

ஜோசையா முன்வாசலில் காத்திருந்தான். தபிதா பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். அங்கே ஜூடித் நின்றாள், பையை இடுப்பில் கட்டிக்கொண்டு.

"இந்தா, சாவியை நீ வச்சுக்கோ. பை எனக்கு."

"அது நான் தைச்சதுடி, திருட்டு முண்டை!"

"தைச்சா என்னடி? என் புருஷன் செத்து ரெண்டு வருஷமாச்சு. எங்கிட்ட இருந்தா இது என்னோடது. உங்கிட்ட இருந்தா அவனோடது."

அவளை அறைய ஓங்கிய தபிதாவின் கை பாதியில் நின்றது. அவள் சொன்னதில் தவறே இல்லை. தபிதாவுக்குத் தாங்க முடியாத ஆத்திரமே அதுதான்.

சாவியை வாங்கி, அதில் தொங்கிய மரத்துண்டை உடைத்துச் சாக்கடையில் வீசினாள். சாவியை வைக்க உடம்பில் ஓர் இடமில்லை. அதை வாயில் போட்டுப் பல்லால் கடித்துக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தாள்.