ஹாஸிம் ஜெயித்த ஆட்டம்

எங்கள் கடற்கரையில் மட்டைப்பந்து ஆட்டத்தில் யாரும் ஜெயிப்பதில்லை. இரண்டு பேர், ஆளுக்கொரு மரமட்டை, ஒரு சின்ன ரப்பர் பந்து, அவ்வளவுதான். நடுவில் வலை இல்லை, கோடு இல்லை. பந்து மணலில் விழாமல் எவ்வளவு நேரம் போய்வருகிறது என்பதே ஆட்டம். அலெக்சாண்டிரியாவில் ஒருவரை நல்ல ஆட்டக்காரர் என்று சொன்னால், அவர் அனுப்புகிற பந்தை எதிரில் நிற்பவர் சிரமமில்லாமல் திருப்பி அனுப்ப முடிகிறது என்று பொருள்.

கடலே இல்லாத உள்நாட்டு ஊரான தந்தாவில் பிறந்து வளர்ந்த ஹாஸிமுக்கு இது தெரியாது. அவனுக்குத் தெரியாமல் இருக்கும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. நீந்தத் தெரியுமா என்று ஒருவரைக் கேட்போம். மூச்சுவிடத் தெரியுமா என்று கேட்போமா?

ஹாஸிம் என் மகள் ரபாபைப் பெண் கேட்டு வந்தவன். மதிப்பெண் கொஞ்சம் குறைந்ததால் எங்கள் ஊரில் இடம் கிடைக்காமல், ரபாப் தந்தாவுக்குப் போய் மருந்தியல் படித்தாள். அங்கே அவளுக்கு மூத்த வகுப்பில் இருந்தவன் அவன். படிப்பு முடிந்து வீடு திரும்பியதும் விஷயத்தை என்னிடம் சொன்னாள். நான் அவள் அப்பாவிடம் சொன்னேன்.

"வரட்டும், பாக்கலாம்," என்றார் ஷவ்கி.

வரச் சொன்னது கடற்கரைக்கு. அதில் விசேஷம் ஒன்றுமில்லை. கோடைக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்களைப் பார்க்க வேண்டுமானால் அஸாஃப்ரா கடற்கரையில் நீலக் குடைக்குக் கீழேதான் பார்க்க முடியும். ஷவ்கி துறைமுகச் சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்தார். வாரம் முழுவதும் கப்பல்களுக்கு நடுவில் இருந்துவிட்டு, விடுமுறைக்கும் கடலுக்கே வருகிற மனிதர். அவருடைய ஆட்டத் துணை அவர் தம்பி ஃபத்ஹி. பருத்த உடம்பு, ஓயாத வாய். இரண்டு பேரும் ஆட நின்றால் பக்கத்துக் குடைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஹாஸிம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, கையில் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மணலில் தடுமாறி வந்தான். தந்தாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவருவது எப்போதும் ஒன்றுதான்.

"வறுத்த கடலை கொண்டாந்திருக்கான் அண்ணே," என்றார் ஃபத்ஹி. "ஒரு பெட்டி கடலையைக் குடுத்துட்டு நம்ம பொண்ணைத் தூக்கிட்டுப் போகலாம்னு பாக்கறான்."

"அல்வாவும் இருக்கு சித்தப்பா," என்றாள் ரபாப்.

"அப்ப சரி. அப்ப நியாயமான வியாபாரந்தான்."

எல்லோரும் சிரித்தோம். ஹாஸிம் காது சிவக்க உட்கார்ந்தான். வந்த பிள்ளையைச் சும்மா உட்கார வைத்திருக்கிறோமே என்று ஷவ்கி மட்டையை நீட்டினார்.

"ஆடுவியா?"

"ஆடுவேன் மாமா. காலேஜ்ல ஸ்குவாஷ் ஆடியிருக்கேன்."

ஸ்குவாஷ் என்றால் சுவரில் அடித்து எதிராளியைத் தோற்கடிக்கிற ஆட்டம்; எங்களுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவன் நின்றான். ஷவ்கி வழக்கம்போல மெதுவாக, அவன் கைக்கு நேராகப் பந்தை அனுப்பினார். அவன் அதை ஷவ்கியின் இடது பக்கம், அவர் இல்லாத இடமாகப் பார்த்து ஓங்கி அடித்தான். பந்து ஈர மணலில் போய்ச் சொத்தென்று விழுந்தது. கைதவறிவிட்டது என்றுதான் நினைத்தோம். அடுத்த பந்தும் அப்படியே போனது. அதற்கடுத்தது வலது ஓரம்.

"மாப்ளே, எதிர்ல நிக்கிறது மனுஷன்! சுவரு இல்ல!" என்று கத்தினார் ஃபத்ஹி.

ஹாஸிம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தான். ரபாப் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். கடைசியில் அவன் மட்டையைத் தலைக்கு மேலே தூக்கி, மூச்சு வாங்க, சிறுபிள்ளை மாதிரி சிரித்தான்.

"ஜெயிச்சுட்டேன் மாமா!"

பக்கத்துக் குடையில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண் கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா அடிக்கிற," என்றார் ஷவ்கி. பந்தைக் குனிந்து எடுத்து, மணலைத் தட்டி, மட்டையோடு சேர்த்துத் துண்டில் சுற்றினார். பிறகு எல்லோருமாகத் தர்பூசணியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டோம். ஹாஸிமுக்குப் பெரிய துண்டாகப் பார்த்து அவரே எடுத்துக் கொடுத்தார்.

அவனை ரயிலுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்ததும் சொன்னார்.

"அந்தப் பையன் வேண்டாம்."

"ஏன்ப்பா?"

"எதிராளி கைக்கு எட்டாத இடமாப் பாத்துப் பாத்து அடிக்கிறவன் வீட்டுல மட்டும் எப்படி இருப்பான்?"

"அவருக்கு நம்ம ஆட்டம் தெரியாது! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா புரிஞ்சுட்டிருப்பார். ஒரு ரப்பர் பந்துக்காகவா?"

"பந்து இல்லம்மா. அதை அடிக்கிற மனசு."

"துறைமுகத்துல பெட்டியைத் திறந்து பாத்துப் பாத்து, ஆளையும் அப்படித் திறந்து பாத்துடலாம்னு நினைக்கிறீங்க," என்று சொல்லிவிட்டு ரபாப் தன் அறைக்குப் போய்விட்டாள்.

அவர் சொன்னது கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஃபத்ஹி அதை மீன் சந்தை வரைக்கும் கொண்டுபோனார். "எங்கண்ணன் பந்தைப் பாத்தே மருமகனை எடை போட்டுட்டார்" என்று ஊரெல்லாம் பெருமை. எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது.

நான் ஷவ்கியின் ஆட்டத்தைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்த்துவருகிறவள். ஹாஸிம் அடித்ததில் பல பந்துகள் யாராலும் எடுக்க முடியாதவை. எல்லாமே அப்படி இல்லை. சிலவற்றுக்கு ஓரடி எடுத்து வைத்தால் போதும். போன கோடையில் ஃபத்ஹியோடு பேசிக்கொண்டே எடுத்திருப்பார். அன்றைக்கு அவர் அந்த ஓரடியை வைக்கவில்லை. இடுப்பில் கை வைத்து, கப்பல் ஏதோ போகிற மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் கப்பல் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். மாடிப்படி திரும்புகிற இடத்தில் நின்று சாவியைத் தேடுவார். சாவி கையில் இருக்கும். ஃபத்ஹி ஆடக் கூப்பிட்டால் ஒரு நாள் வெயில் அதிகம், ஒரு நாள் மட்டையின் பிடி தளர்ந்துவிட்டது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பவர் தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்து தூங்க ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை. கேட்டால் நேராகப் பொய் சொல்ல வேண்டிவரும். அவருக்கு அது வராது.

ஜூலையில் எங்கள் மகன் ஐமனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் விழா எங்கள் வீட்டில். குழந்தையைச் சல்லடையில் கிடத்தி ஆட்டினோம். அவள் காது பழக, என் நாத்தனார் பித்தளை உரலை இடித்துக்கொண்டு எல்லோரும் சொல்கிறதைச் சொன்னாள். "அம்மா பேச்சைக் கேளு! அப்பா பேச்சைக் கேக்காதே!"

ஃபத்ஹிக்கு அது போதவில்லை. "தாத்தா பேச்சைக் கேக்கவே கேக்காதே! அப்புறம் உனக்குக் கல்யாணமே ஆகாது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்த பிறகுதான் ரபாப் முகத்தைப் பார்த்தார்கள். ஹாஸிமும் அங்கே இருந்தான். ஐமன்தான் ரபாபுக்காக அவனை அழைத்திருந்தான். மூலையில் நின்று பிள்ளைகளுக்கு மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தவன், குனிந்த தலை நிமிரவில்லை. ரபாப் தட்டில் கோப்பைகளை ஏந்திக்கொண்டு, நெய் மணக்கும் முகாத் பானத்தை எல்லோருக்கும் கொடுத்தாள். அப்பாவுக்கு மட்டும் என் கையில் தந்து அனுப்பினாள்.

மெழுகுவத்திகளோடு குழந்தையை வீடு முழுக்கச் சுற்றிக் கொண்டுபோய், படியேறி மொட்டைமாடியும் காட்டுவது எங்கள் வழக்கம். தூக்கிப் போகிறவர் தாத்தா. ஷவ்கி கூடம் சுற்றினார், அறைகள் சுற்றினார். படிக்கட்டின் அடியில் நின்றுவிட்டார்.

"நீ கொண்டு போ இன்ஸாஃப். எனக்குச் செருப்பு வழுக்குது."

குழந்தையை என் கையில் கொடுத்தபோது அவர் உதடுகளில் நிறமே இல்லை. பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, கூட்டம் சேருவதற்கு முன்பே அவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். துண்டைப் பிரித்து மட்டைகளை எடுத்து ஒன்றை அவரிடம் நீட்டினேன்.

"நீயா?"

"நான்தான். ஏன், பயமா இருக்கா?"

"ஐமன் பொறந்ததுக்கப்புறம் நீ மட்டையைத் தொட்டு நான் பாக்கலியே."

"நீ கூப்பிடல. உன் தம்பியைக் கட்டிக்கிட்டவன் மாதிரி அவன்கூடவே ஆடினே."

சிரித்துக்கொண்டே நின்றார். நான் பந்தை அனுப்பினேன். முதல் ஒன்றிரண்டு எனக்கே கோணலாகப் போயின. பிறகு கை பழைய வழிக்கு வந்தது. ஒவ்வொன்றையும் அவர் வலது இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, மட்டை இருக்கிற இடத்துக்கே அனுப்பினேன். அவர் காலை நகர்த்த வேண்டியதே இல்லை. அவர் பந்து எனக்கு அங்கேயும் இங்கேயுமாக வந்தது. நான் நீண்ட அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி ஓடி எடுத்தேன். டக், டக், டக். அலையைத் தவிர வேறு சத்தமில்லை. அந்தக் கோடையிலேயே அவ்வளவு நேரம் பந்து விழாமல் நின்றது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

திடீரென்று அவர் பந்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"இல்லாத கப்பலை நீ பாத்தியே, அன்னிலேர்ந்து."

குடையின் கீழ் வந்து உட்கார்ந்தார். வசந்த காலத்திலேயே ராம்ல் நிலையத்துப் பக்கம் ஒரு டாக்டரிடம் தனியாகப் போயிருக்கிறார். இதய வால்வு. ஓடக்கூடாது, படி ஏறக்கூடாது, கெய்ரோவில் பெரிய டாக்டர்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் பார்க்கவில்லை.

"பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். சீக்காளி வீடுன்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாது பாரு."

"அதுக்குத்தான் வந்த மாப்பிள்ளையை விரட்டினியா?"

தேன் தடவின மெல்லிய ஃப்ரெஸ்கா பிஸ்கட் விற்பவன் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனான்.

"அவன் அடிச்சதுல ஒண்ணுகூட எனக்கு எட்டல இன்ஸாஃப். எல்லார் முன்னாடியும் கிழவனா நின்னேன். கையைத் தூக்கி ஜெயிச்சுட்டேன்னு சொன்னான் பாரு, என் எடத்தை எடுத்துக்க வந்தவன் மாதிரி தெரிஞ்சான்."

"அது அவன் தப்பா?"

"இல்ல."

"பின்ன?"

"அவங்க அப்பா அம்மாவோட வரச் சொல்லு," என்றார். "ஆனா நான் சொல்லித்தான் ஆகணும். மறைச்சு வச்சு நிச்சயத்துக்கு ஃபாத்திஹா ஓத மாட்டேன்."

நான் தடுத்துப் பார்த்தேன். நிச்சயம் முடிந்து சொல்லலாம், நான் ஹாஸிமின் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்கிறேன் என்றேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்து இன்னொரு ஊருக்கு அனுப்புகிற வீடு நோயை முன்னால் வைத்துக்கொண்டா பேசும்? அவர் கேட்கவில்லை.

ஹாஸிமின் அப்பா லுத்ஃபி தந்தாவில் தானியக் கடை வைத்திருந்தவர். குட்டையான, மெதுவாகப் பேசுகிற மனிதர். அவரும் அவர் மனைவியும் சோபாவில், நடுவில் ஹாஸிம். அன்றைக்கும் கடலை வந்திருந்தது, இந்த முறை மூட்டையாக. ஃபத்ஹி அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். நான் முறைத்ததும் மூடிக்கொண்டார். ரபாப் சர்பத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"ஃபாத்திஹாவுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்," என்றார் ஷவ்கி. "எனக்கு இதயத்துல கோளாறு இருக்கு. இது என் பொண்ணுக்குக்கூடத் தெரியாது. உங்க பையனை நான் வேண்டாம்னது அவன் குணத்தைப் பாத்து இல்ல. அவன் அடிச்ச பந்தை என்னால எடுக்க முடியல, அந்த வெக்கம். இதைக் கேட்டுட்டு வேண்டாம்னு தோணினா எழுந்திருங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். காப்பி மட்டும் குடிச்சிட்டுப் போங்க."

லுத்ஃபி தன் கோப்பையைப் பார்த்தார். "காப்பி நல்லாத்தான் இருக்கு," என்றார். "இன்னொண்ணு கிடைச்சா உட்காரலாம்."

நான் மூச்சை விட்டேன். ஆனால் சமையலறை வாசலில் கண்ணாடிக் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம். ரபாப் தட்டை மேஜையில் வைத்துவிட்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"நான் போகல. கல்யாணமும் வேண்டாம், தந்தாவும் வேண்டாம்."

"இதுக்குத்தாம்மா உங்கிட்ட சொல்லல."

"ரபாப்," என்றான் ஹாஸிம். பிறகு ஷவ்கியின் பக்கம் திரும்பினான். "மாமா, எனக்கு அந்த ஆட்டம்..."

"விடுப்பா, எனக்குத் தெரியும்," என்றார் ஷவ்கி. மகளிடம் திரும்பினார். "செப்டம்பர்ல கல்யாணம். நான் இருக்கும்போது பாக்கணும்னு கேக்கறேன். வேற ஒண்ணும் கேக்கல."

ரபாப் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிடிவாதத்தில் அவள் அப்படியே அவர்தான்.

"அப்ப என் மஹரை நான் சொல்றேன்," என்றாள். "நாளைக்கு நீங்க என்கூடக் கெய்ரோவுக்கு வரணும். டாக்டர் என்ன சொன்னாலும் செய்யணும். அது முடியாம நான் மோதிரத்துல விரலை நுழைக்க மாட்டேன்."

"பொண்ணுக்குக் குடுக்கிற மஹரை மாப்பிள்ளைகிட்ட கேப்பாங்க!" என்றார் ஃபத்ஹி. அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. "இவ பெத்தவன்கிட்ட கேக்கறா!"

"சித்தப்பா!"

"இல்லம்மா, அதிகமாக் கேளுன்னு சொல்ல வந்தேன். உப்பையும் நிறுத்தச் சொல்லு." சொல்லிவிட்டு ஃபத்ஹி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் அன்றுதான் தெரியும்.

அந்த மஹர் எங்களுக்கு இரண்டு குளிர்காலங்களை வாங்கித் தந்தது. மூன்றாவது குளிர்காலத்தின் முதல் புயலில் ஷவ்கி போய்விட்டார். அந்தக் கோடையில் அவர் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் அவ்வளவு நாளும் இருந்திருக்காது என்று கெய்ரோ டாக்டரே என்னிடம் சொன்னார்.

ஆனால் அன்று அந்தக் கூடத்தில் எங்களுக்கு அது எதுவும் தெரியாது. எல்லோரும் ஷவ்கியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்மதம்," என்றார்.

கைகளை விரித்து ஃபாத்திஹா ஓதினோம். முடிந்ததும் எல்லோரும் கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டு இறக்கிவிட்டார்கள். ஷவ்கியின் கைகள் மட்டும் முகத்திலேயே இருந்தன. லுத்ஃபி தன் மனைவியின் குலவையைக் கண்ணால் நிறுத்தினார். நாங்கள் காத்திருந்தோம்.