துணைக்கு வந்தவள்

பைக் மெக்கானிக் வகுப்பில் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டவள் பெரியவள்தான். சின்னவளுக்கு அப்படி எதுவும் இல்லை. பெரியவளைத் தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. "அவ்வளவு ஆம்பளைப் பசங்க நடுவுல நீ ஒருத்தியா? தங்கச்சியையும் கூட்டிட்டுப் போ. அவளும் வீட்டுல சும்மாதான் கிடக்கா" என்றாள். அப்படித்தான் சின்னவள் துணைக்கு வந்தாள்.

தகரக் கூரை போட்ட நீளமான கூடத்தில் வகுப்பு நடந்தது. பழைய இன்ஜின்களை மேசைகளின் மேல் வரிசையாக வைத்திருந்தார்கள். பெரியவள் மாஸ்டர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு, இரவில் படித்து, காலையில் சரியாகச் செய்தாள். சின்னவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் வந்து, ஸ்பேனரை வாங்கி, சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்துவிட்டு மறுபடி ஜன்னலுக்குப் போய்விடுவாள்.

வால்வு இடைவெளி சரிசெய்யும் பாடம் வந்தது. மெல்லிய தகட்டை இடையில் விட்டு, அது இறுக்கமாகவும் இல்லாமல் தொளதொளவென்றும் இல்லாமல் நகர வேண்டும். பெரியவள் வியர்த்து வழிய நான்கைந்து முறை திருகிப் பார்த்தாள். சின்னவள் ஒரு தடவை திருகி, தகட்டை ஒரே முறைதான் இழுத்துப் பார்த்தாள். மாஸ்டர் குனிந்து சோதித்தார்.

"கை பேசுதும்மா உனக்கு" என்றார்.

அந்த வார்த்தை பெரியவளின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சின்னவள் செருப்புக் கடையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். மாஸ்டர் சொன்னதை அவள் மறந்தே போயிருந்தாள். பெரியவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

பயிற்சி முடிந்ததும் இருவரும் ஒரே ஒர்க்‌ஷாப்பில் வேலை கேட்டார்கள். முதலாளி மூக்குக்கண்ணாடியை எப்போதும் நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருப்பார். ஆளுக்கொரு வண்டியைக் கொடுத்து கிளட்ச் கேபிள் மாற்றச் சொன்னார். சின்னவள் மாற்றிவிட்டு, ஓட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீரும் குடித்துவிட்டு வந்தபோது பெரியவள் முறுக்கிய நட்டையே மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வேலை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா நீ முடிக்கறதுக்குள்ள வண்டிக்காரர் நடந்தே வீடு போய்ச் சேர்ந்துடுவாரு" என்றார் முதலாளி.

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள், பாவம், வேறெந்த நினைப்பும் இல்லாமல். வேலை அவளுக்குப் போனது. பெரியவளை உதிரிபாகக் கவுண்டரில் உட்காரச் சொன்னார்கள். அவளும் உட்கார்ந்தாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது.

கவுண்டருக்கு ஒரு சிறிய ஜன்னல். அதன் வழியாகத் தங்கை கேட்டதை எடுத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. தன் விரல்கள் சுத்தமாக இருப்பதைப் பார்க்கவே பெரியவளுக்கு வெறுப்பாக இருந்தது. சின்னவள் வீட்டில் நகக்கண்ணில் ஏறிய கறுப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். பக்கத்தில் நின்று சோப்பை நீட்டும் பெரியவளுக்கு அந்தக் கறுப்பின் மேலேயே ஆசை வந்தது.

ஒருநாள் சின்னவள் ஜன்னலில் எட்டிப் பார்த்து கேபிள் கேட்டாள். பெரியவளுக்கு எது என்று நன்றாகத் தெரியும். இருந்தும் பக்கத்து ஆணியில் தொங்கியதை, வேறு வண்டிக்கானதை, எடுத்துக் கொடுத்தாள். மாட்டிப் பார்த்து அவள் விழிக்கட்டும், ஒரு தடவையாவது முதலாளி அவளைத் திட்டட்டும் என்றிருந்தது.

சின்னவள் அதைக் கையில் வாங்கியதுமே நின்றாள்.

"அக்கா, இது நீளம் கூட. பக்கத்துல இருக்கறதைக் குடு. கண்ணு வலிக்குதா உனக்கு? உள்ள ஒரே இருட்டு, லைட் போடச் சொல்லட்டுமா?"

சொன்னபடியே முதலாளியிடம் போய்ச் சொல்லி, அன்றே விளக்கும் போட வைத்தாள். அந்த வெளிச்சத்தில் பெரியவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒருநாள், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சின்னவள் சொன்னாள்.

"அக்கா, நான் வேலையிலேர்ந்து நின்னுக்கப் போறேன். போரடிக்குது. நாள் பூரா அதே ஆயில், அதே நட்டு. என் இடத்துக்கு நீ போயிடேன். உனக்குத்தானே ஆசை."

பெரியவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"நான் ஏங்கி ஏங்கிப் பாத்ததை நீ எச்சில் பண்ணிட்டு எனக்குத் தர்றியா?"

"நான் என்னடி பண்ணினேன்?" என்றாள் சின்னவள். அக்காவை அவள் 'டி' போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. அழுதுகொண்டே போய் அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

சொன்னபடியே வேலையை விட்டும் விட்டாள். அவள் விட்டுப்போன வேலைகளில் ஒரு சிவப்பு வண்டியும் இருந்தது. நன்றாக ஓடும், கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடும், சற்று நேரம் கழித்து உதைத்தால் மறுபடி கிளம்பும். சின்னவள் அதை இரண்டு தடவை பிரித்தும் பிடிபடவில்லை. பெரியவள் முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"தங்கச்சி இடத்தைக் கேட்டு வரல. அந்தச் சிவப்பு வண்டியைக் குடுங்க. முடியலன்னா கவுண்டருக்கே போயிடறேன்."

முதலாளி கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "அதைத்தான் பாக்கணுமா? வேற சுலபமா ஒண்ணு தரேனே."

"அதுதான் வேணும்."

பிளக்கை மாற்றினாள். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினாள். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைச் சோதித்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. வண்டியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினாள். நிற்கும், தள்ளுவாள், கிளம்பும், மறுபடி நிற்கும். தையற்கடை வாசலில் நின்றபோது, பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று டேங்க் மூடியைத் திறந்தாள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பாதி டேங்க் பெட்ரோல் இருந்தது. உதைத்தாள், உடனே கிளம்பியது.

அங்கேயே நின்று மூடியைத் திருப்பிப் பார்த்தாள். காற்று போகும் சின்ன ஓட்டை துருவும் தூசியுமாக அடைத்துக் கிடந்தது. காற்று நுழையாததால் பெட்ரோல் கீழே இறங்காமல் நின்றிருக்கிறது. தையற்காரரிடம் ஊசி வாங்கிக் குத்தி எடுத்தாள். பிறகு ஊரையே சுற்றி வந்தாள், வண்டி நிற்கவில்லை.

முதலாளி மூடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நாளையிலேர்ந்து உள்ள வந்துடு. கவுண்டருக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார்.

வீட்டுக்குப் போய்த் தங்கையிடம்தான் முதலில் சொன்னாள். சொல்லிக்கொண்டே அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஒரு சுளிப்பு, ஒரு சின்ன வாட்டம், ஏதாவது தெரிகிறதா என்று.

"அட, மூடியா! எனக்கு அது தோணவே இல்லையேக்கா" என்று சின்னவள் அவளைக் கட்டிக்கொண்டாள். மேலுக்குக் காட்டிய சந்தோஷம் என்று சொல்ல முடியாது, முகமெல்லாம் அதுதான். தன்னைப் பார்த்து இவள் ஒருநாளும் பொறாமைப்படப் போவதில்லை என்று பெரியவளுக்கு அப்போது விளங்கியது. ஜெயித்தும் ஏதோ கைநழுவிப் போன மாதிரி இருந்தது.

சின்னவள் பிறகு முடிதிருத்தும் நிலையம் ஒன்றில் வேலை பழகப் போனாள். கொஞ்ச நாளிலேயே வருகிறவர்கள் அவளையே கேட்கிறார்களாம். சாப்பிடும்போது அம்மா அதைப் பெருமையாகச் சொன்னாள்.

பெரியவள் கறுத்த நகங்களோடு சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். கொஞ்சம் எரியத்தான் செய்தது. ஆனால் சோறு இறங்கியது.

"எனக்கும் இந்த ஞாயித்துக்கிழமை வெட்டி விடுடி" என்றாள் தங்கையிடம். "முடி கண்ணுல விழுது, வேலை பாக்க முடியல."