பார்க்கும் ஜன்னல் வேறு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு இரண்டு கண்கள் போதவில்லை என்பது அவர் மனைவியின் பழைய புகார். மூன்றாவது கண் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில், போர்வைகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில், மெத்தென்ற துணிக்குள் படுத்திருந்தது. ஈரம் அண்டாமலிருக்க அதற்குச் சின்னச் சின்னப் பொட்டலங்களில் மருந்து. போர்வைகள் கட்டிலுக்கு அடியில் தூசி தின்றுகொண்டிருந்தன.

அது ஃபிலிம் போட்டு எடுக்கிற ஒரு பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அழகு என்றால் உண்மையிலேயே அழகு, அதில் நாம் வஞ்சகம் செய்யக் கூடாது. கறுப்பு வண்ணம் மூலைகளில் தேய்ந்து, உள்ளிருந்த பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்கும். கையில் எடுத்தால் கனம் சரியாக உள்ளங்கையில் வந்து உட்காரும். லென்ஸின் வளையத்தை ஒரு விரல் நுனியால் திருகினால் போதும், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். பட்டனை அழுத்தினால் யாரோ பக்கத்து அறையில் மெல்ல 'ச்' கொட்டின சத்தம்தான். எடுத்தாயிற்றா என்று எதிரே இருப்பவர் கேட்கும்போது, எடுத்து முடிந்திருக்கும்.

ஆனால் அவர் சொக்கிப்போனது ஜன்னலில். கேமராவின் ஓரத்தில், லென்ஸுக்குச் சம்பந்தமே இல்லாமல், கண் வைத்துப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அதன் நடுவே மங்கலான மஞ்சள் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் எதிரே இருப்பவரின் மூக்கு இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருகத் திருக, இரண்டு மூக்கும் ஒன்றையொன்று நெருங்கி வந்து ஒன்றாகிவிடும். ஒன்றானால் படம் தெளிவு. பகல் முழுக்கக் கடையில் "இப்ப ஒண்ணா தெரியுதா, ரெண்டா தெரியுதா?" என்று பிறத்தியாரைக் கேட்கிற மனிதருக்கு, தன்னைத் தானே கேட்டுக்கொள்ள ஒரு பெட்டி கிடைத்தால் விடுவாரா?

"மத்த கேமராவுல லென்ஸ் வழியாவே பார்க்கணும். க்ளிக் பண்ற நேரம் கண்ணு இருட்டிடும். முக்கியமான நொடியை எடுக்கிறவனே பார்க்க முடியாது. இதுல பார்க்கிற ஜன்னல் வேற, படம் பிடிக்கிற லென்ஸ் வேற. ஒரு நொடிகூட இருட்டுங்கிற பேச்சே கிடையாது" என்று கண் பரிசோதனைக்கு வந்தவர்களிடம்கூடப் பாடம் நடத்துவார். மூக்கில் சோதனைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர்களும் தலையாட்டுவார்கள். வேறு எங்கே போவது?

இத்தனை வருஷமாக அந்தப் பெட்டி பிடித்தது என்னவென்று கேட்டால், மாடிப்படிக் கைப்பிடியின் நிழல், மழையில் நனைந்த நாற்காலி, எதிர்வீட்டுப் பூனையின் முதுகு. "வீட்டு மனுஷங்களுக்கு உபயோகமா ஒரு படம் உண்டா?" என்பாள் மனைவி. அவர் உடனே, "கேமராவைப் பத்தித் தெரியாம எதையும் சொல்லாதே" என்று வாயை அடைத்துவிடுவார். அவளும் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அவளுக்குப் பேசாமல் இருக்கும் பழக்கம் உண்டு. கூடப் பிறந்த தங்கையோடு ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராப்பகலாகப் பார்த்துக்கொண்டவள் அக்கா. வெளியூர் வேலையிலிருந்து தங்கை ஓடி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் அக்கா கேட்டாள், "இவ்வளவு சீக்கிரமா எதுக்கு வந்தே?" தங்கை பையைக்கூடக் கீழே வைக்காமல் திரும்பிப் போனாள். சொன்னதற்காக அக்கா அழாத வாரமில்லை, அது அவருக்குத் தெரியும். ஆனால் போனை எடுத்து ஒரு வார்த்தை பேசச் சொன்னால் மட்டும் முகம் கல்லாகிவிடும்.

பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற மகள்தான் சித்தியிடம் ரகசியமாகத் தொடர்பு வைத்திருந்து, தாஜா பண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரவழைத்தாள். வந்தவளும் வரவேற்றவளும் ஒருத்தியை ஒருத்தி பார்க்காமலே சாப்பிட்டு முடித்தார்கள்.

"சித்திக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வேணுமான்னு கேளு."

"போதும்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

நடுவில் உட்கார்ந்த மகளுக்குக் கழுத்து சுளுக்காதது ஆச்சரியம். இப்படியே கை கழுவி, இப்படியே கிளம்பிப் போனால் இன்னொரு ஏழு வருஷம்தான் என்று கடைக்காரர் கணக்குப் போட்டார். இரண்டு பேரையும் ஒரு படத்துக்குள் உட்கார வைத்துவிட்டால் பிறகு பிரிந்து போனாலும் படத்தில் சேர்ந்திருப்பார்களே என்று தோன்றியது. மகள் போனை எடுத்தாள். அவர் அதைப் பிடுங்கி மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, சாப்பிடும்போதே பக்கத்தில் வைத்திருந்த கேமராவை எடுத்தார்.

"இது போன்ல எடுக்கிற விஷயமா? தள்ளு."

இருவரும் சோபாவின் இரண்டு கோடியில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல உட்கார்ந்தார்கள். நடுவில் தங்கையின் கைப்பை. மகள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். "கொஞ்சம் கிட்ட வாங்க" என்றார். கைப்பை மட்டும் இடம் மாறியது. "இன்னும் கொஞ்சம்." வேண்டா வெறுப்பாக நகர்ந்தார்கள்.

அவர் ஜன்னலில் கண்ணை வைத்தார். மஞ்சள் கட்டத்தில் மனைவியின் மூக்கு இரண்டு. திருகினார். ஒன்று. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. தங்கை வாயைத் திறந்தாள். மனைவி அவள் பக்கம் குனிந்து ஏதோ முணுமுணுத்தாள். தங்கை சட்டென்று கூரையைப் பார்த்தாள். மனைவி கையால் வாயைப் பொத்தினாள். இரண்டு தோள்களும் உரசிக்கொண்டு குலுங்கின.

"ஆடாதீங்க, ஆடாதீங்க!" என்று கத்திக்கொண்டே 'ச்', 'ச்', 'ச்' என்று எடுத்துத் தள்ளினார். ஏழு வருஷத்துக் கல்லை இந்தப் பெட்டி கரைத்துவிட்டதே என்று பூரித்துப்போனார்.

தங்கையை வாசலில் வழியனுப்பிவிட்டு, கேமராவை மூடி வைக்கலாமென்று சட்டைப்பையில் லென்ஸ் மூடியைத் தேடினார். வலதுபை, இடதுபை, சோபா இடுக்கு. எங்குமில்லை. கடைசியில் கேமராவைத் திருப்பினார்.

மூடி லென்ஸின் மேல் இருந்தது. பழையது அடிக்கடி கழன்று விழுகிறதென்று போன வாரம்தான் புதிதாக வாங்கியது, நன்றாக இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. கை கழுவப் போகும்போது சாப்பாட்டுக் கறை படக்கூடாதென்று அவரே மாட்டியது. பார்க்கிற ஜன்னல் வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு. அவருக்கு ஒரு நொடிகூட இருட்டு தெரியவில்லை. மொத்த இருட்டையும் ஃபிலிம் வாங்கிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் பெட்டியின் மானம் போகும், இப்போதுதான் துளிர்த்த சிரிப்பும் போகும். வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் தங்கை போன் செய்தாள், மகளுக்கு இல்லை, அக்காவுக்கு. "படம் வந்துச்சாக்கா?" பதிலைத் தெரிந்துகொள்ள மனைவி கடைக்கே போன் செய்தாள். "ஃபிலிம் கழுவுற இடத்துல ஒரே கூட்டமாம்" என்றார். அடுத்த வாரம் கழுவுகிறவருக்குக் காய்ச்சல். அதற்கடுத்து அந்த இல்லாத மனிதர் படியில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டார். ஒவ்வொரு பொய்யையும் மனைவி உடனுக்குடன் தங்கைக்குத் தெரிவித்தாள். பேச்சு அங்கிருந்து கிளம்பி அப்பாவின் கடைசி நாட்கள் வரை போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுவது வரை போய், மறுபடி சிரிப்பில் வந்து நின்றது.

"அவர் கால் இப்ப எப்படி இருக்கு?" என்பாள் மனைவி, இரவுச் சாப்பாட்டின்போது. "வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொன்னா தங்கச்சி."

எவ்வளவு வெள்ளை மனசு இரண்டு பேருக்கும் என்று கடைக்காரர் உருகிப்போவார். இவர்களை ஏமாற்றுகிறோமே என்று சோறு இறங்காது.

இரண்டு மாதம் கழித்துத் தங்கை யாரும் அழைக்காமல் தானாகவே வந்து, நேரே சமையலறைக்குள் போய் டீ போட்டாள். இன்று புதிதாக ஒரு படம் எடுத்துவிடுவது, பழைய ஃபிலிம் சுருள் கழுவுகிற மருந்தில் கெட்டுவிட்டதென்று சொல்லிவிடுவது என்று அவர் தீர்மானித்திருந்தார். காலையிலேயே மூடியைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

"இன்னொண்ணு எடுத்துக்கலாம், சும்மா" என்றார். சோபாவில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர் ஜன்னலில் கண்ணை வைத்தார்.

"இன்னைக்கு மூடியைக் காணோமே!" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில்.

அவர் கேமராவை இறக்கினார். "எந்த மூடி?"

"அன்னைக்கு லென்ஸ் மேல இருந்துச்சே, அதுதாங்க" என்றாள் மனைவி.

"பார்த்தீங்களா?"

"எதிர்லதானே உட்கார்ந்திருந்தோம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"கேமராவைப் பத்தி எதுவும் சொல்லாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்போ அந்தக் கால் சுளுக்கு..."

"பாவம், சீக்கிரம் நடக்கட்டும்" என்று மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தங்கை மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் சொல்லத்தான் வாயெடுத்தேன் அத்தான். அக்காதான் குனிஞ்சு காதுல சொன்னா. ஏழு வருஷம் கழிச்சு எங்கக்கா என்கிட்ட பேசின முதல் பேச்சு என்ன தெரியுமா? 'சொல்லாதேடி'ன்னு."

கடைக்காரர் மறுபடி ஜன்னலில் கண்ணை வைத்தார். வளையத்தை எவ்வளவு திருகியும் எல்லாம் கலங்கலாகவே தெரிந்தது. கேமராவைக் கீழே வைத்துவிட்டு, முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.