அடுத்த தூதர்

விருந்தில், நான் தூதராக இருக்கும் நாட்டின் வெளியுறவு அமைச்சர் என் கையைக் குலுக்கி, எனக்குப் பதிலாக வரும் தூதருக்குச் சம்மதம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புதுத் தூதரை அனுப்புமுன் அந்த நாட்டிடம் ரகசியமாகச் சம்மதம் கேட்பது வழக்கம். நாற்காலியில் இருப்பவனுக்குத்தான் கடைசியில் தெரியும்.

யார் என்று கேட்டேன். அவர் சொன்னது என் மனைவியின் பெயர்.

அவளும் எங்கள் அமைச்சகத்தில்தான் அதிகாரி. போன வாரம் திரைச்சீலை தைக்க, தூதர் இல்லத்தில் ஜன்னல் எத்தனை என்று போனில் கேட்டாள். லீவில் வரப்போகிறாள் என்று அசடு மாதிரி பூரித்துப்போயிருந்தேன்.

காரில் ஏறியதும் அழைத்தேன். "என்கிட்டகூடவா மறைச்சே?"

"ஆபீஸ் ரகசியத்தைக் கட்டினவகிட்டகூட மூச்சுவிடக்கூடாதுன்னு இத்தனை வருஷமா பாடம் எடுத்தது யாரு?"

போனை வைக்கப்போனேன்.

"கிளம்பறப்ப அங்கே இருக்கிற சமையல்காரரை மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க" என்றாள்.