மஞ்சள் ஏறாத கத்தி

நான் கத்தி செய்கிறவன். மடக்குக் கத்தி இல்லை. பிடிக்குள்ளும் அலகு ஒரே இரும்பாய் ஓடுகிற கத்தி. வாங்குகிறவரின் கையைக் காகிதத்தில் வரைந்து, அந்தக் கைக்கென்றே செய்து கொடுப்பேன். கத்தியைவிட என் வாய்தான் நீளம் என்பாள் மனைவி. போன செவ்வாய்க்கிழமை வரை அதை நான் ஒப்புக்கொண்டதில்லை.

பழுக்கக் காய்ச்சிய இரும்பை எண்ணெயில் முக்கினால் இறுகிவிடும். அப்படியே விட்டால் கண்ணாடிதான், ஓங்கி அடித்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும். அதனால் ஓவனில் மிதமான சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். இரும்பின் மேல் வைக்கோல் மஞ்சள் ஏறினால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். மெருகு போட்டால் அந்த மஞ்சள் போய்விடும். அப்புறம் பதமானது எது, பதமாகாதது எது என்று கண்ணால் சொல்லவே முடியாது.

அதற்கு முந்தைய வாரம் இரண்டு அலகுகளை முக்கியிருந்தேன். ஒன்று ஓவனுக்குப் போய்வந்தது, மற்றது காத்திருந்தது. இரண்டும் ஒரே மேஜையில். தங்கை புருஷனோடு போனில் பேசிக்கொண்டே ஒன்றை எடுத்து மெருகுச் சக்கரத்தில் வைத்தேன். அவர் தச்சர், கட்டை பிளக்க என்னிடம் ஒரு கத்தி கேட்டிருந்தார்.

"கொட்டாப்புளியால ஓங்கி அடிச்சாலும் தாங்குமா மச்சான்?"

"கட்டை மேல வெச்சு அடிங்க மாப்ளே, கட்டைதான் பொளக்கும். கத்தி உடைஞ்சா என் மீசையை எடுத்துடறேன்!"

ஞாயிற்றுக்கிழமை கத்தி அவர் வீட்டுக்குப் போய்விட்டது. செவ்வாய் காலை மீதி அலகை ஓவனில் வைக்க எடுத்தேன். அது ஏற்கெனவே மஞ்சளாக இருந்தது.

அப்படியானால் ஓவனுக்கே போகாததைத்தான் மாப்பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன். அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. தங்கையும் எடுக்கவில்லை. செருப்புகூட மாட்டாமல் வண்டியைக் கிளப்பினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் நுணலோடு போச்சு. என் வாய்க்கு அவர் கண் போனால்?

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. டொக். டொக். ஒவ்வொரு அடிக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் வண்டியை நிறுத்தியபோது சத்தம் நின்றுவிட்டது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அலறல் வரப்போகிறது என்று கதவில் கை வைத்தபடியே நின்றேன். திறக்கத் தைரியம் இல்லை.

கதவு தானாகத் திறந்தது. "அட, மச்சானா! ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது? நாலு கட்டை பொளந்தாச்சு, வெண்ணெய்தான் போங்க!" என்றார் மாப்பிள்ளை.

போன உயிர் திரும்பி வந்தது. கத்தியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். கூரிலிருந்து பாதி அலகு வரை முடியளவுக்கு ஒரு கோடு ஓடியிருந்தது.

"தப்பு பண்ணிட்டேன் மாப்ளே. இது பதம் ஏறாத இரும்பு."

அவர் நம்பாமல் சிரித்தார். நான் கத்தியை அவருடைய தச்சு மேஜை இடுக்கியில் இறுக்கி, மேலே கோணிப்பையைப் போட்டு, சுத்தியலால் லேசாகத்தான் தட்டினேன். அலகு மூன்றாக உடைந்தது. ஒரு சில்லு கோணியைக் கிழித்துக்கொண்டு எதிரிலிருந்த அலமாரிக் கதவில் போய்ச் செருகியது. மாப்பிள்ளை சிரிப்பை நிறுத்தினார்.

முக்காலியில் உட்கார்ந்திருந்த தங்கை எழுந்து போய் அந்தச் சில்லைப் பார்த்தாள். அது அவள் முக உயரத்தில் இருந்தது.

"நாலு கட்டையையும் நான்தாண்ணா புடிச்சிட்டிருந்தேன்," என்றாள். "தள்ளி நில்லுன்னு இவர் சொல்லிட்டேதான் இருந்தார். எங்கண்ணன் செஞ்ச கத்தி, எனக்கென்ன பயம்னு நான்தான் கேக்கல."