அய்யூப் எழுதிய உறை

"கடைசியா இருக்கிறது யாருகிட்டப்பா கேக்கும்?" என்று பவானி ஒருநாள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. நகரத்தின் போட்டாதாங் பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அவள் அப்பா சிவராஜ், திரையில் வந்ததை அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு புரோகிராம் ஓட வேண்டுமானால் வேறு யாரோ எழுதிவைத்த லைப்ரரி ஒன்றை முதலில் ஏற்ற வேண்டும். அந்த லைப்ரரி இன்னொன்றைக் கேட்கும். அது மற்றொன்றை.

"போதும், போய் வீட்டுப்பாடம் எழுது" என்றுதான் சிவராஜ் அன்று பதில் சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து அஸ்மா என்ற இளம்பெண் உதவி கேட்டுக் கடைக்கு வந்தாள். அதே நகரத்தின் அலோன் பேட்டையில் ஓர் இலவச மருந்தகத்தில் அவளைத் தற்காலிகமாக வேலைக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளின் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் புரோகிராமை வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஓட வைத்தால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் லைங் தாயாவில் நாலு வருஷம் சட்டைக் காலர் தைத்த அதே தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டும்.

அதற்கு வேண்டிய லைப்ரரிகள் எல்லாம் சிவராஜிடம் ஒரு சிடியில் இருந்தன. அவர் நண்பர் அய்யூப் மலேசியா போகுமுன் கொடுத்தது. நத்தையாக ஊர்ந்த இன்டர்நெட்டில், கரண்ட் இருந்த நேரம் பார்த்து, நாலு நாள் உட்கார்ந்து இறக்கியவர் அவர். எதை முதலில் ஏற்ற வேண்டும், எதைப் பிறகு என்று சிடியின் காகித உறை முழுக்கப் பொடி எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார். பதிலுக்கு ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை.

சிவராஜ் சிடியைக் கொடுத்தார். உறையை மட்டும் உருவி இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். எல்லாரும் கற்றுக்கொண்டுவிட்டால் தம்மை யார் தேடி வருவார்கள்?

வியாழக்கிழமை அஸ்மா தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள்.

"மூணு தடவை ஏத்திட்டேண்ணே. பாதியிலயே நின்னுடுது. தையல் மெஷின் மிதிச்ச காலு, இங்கயும் மிதிச்சுப் பாரேன்னு மருந்தகத்து டாக்டர் சயாமா சிரிக்கிறாங்க."

சிவராஜ் துணியை எடுத்து விசைப்பலகையைத் துடைக்கத் தொடங்கினார்.

"சிடியில குத்தம் இல்லண்ணே, எனக்குத்தான் மூளை பத்தல. இந்தாங்க, மீன் சாறு ஊத்தின மொகிங்கா. சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க. உங்களை மாதிரி யாரு சும்மா தூக்கிக் குடுப்பாங்க?"

"அப்பாவே வந்து போட்டுடுவாருக்கா!" என்றாள் பவானி.

"வேணாம் பாப்பா. சயாமா கண்ணு முன்னாடி நானே போட்டாத்தான் வேலை." அவள் சிவராஜ் பக்கம் திரும்பினாள். "பாதியில நின்னு கெடக்கிறதை மட்டும் சுத்தம் பண்ணிக் குடுங்கண்ணே. நாளைக்கு ஜும்மா நேரத்துல மருந்தகம் பூட்டியிருக்கும். சாவி தரேன். முடிச்சுட்டுப் பூட்டி, வாசல் பூந்தொட்டிக்கு அடியில வச்சிடுங்க."

இழுப்பறை அவர் முழங்காலுக்கு நேரே இருந்தது. இழுத்தால் போதும். ஆனால் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியை வாங்கிக்கொண்டார். அஸ்மா போன பிறகு தூக்குச்சட்டியைத் திறக்காமலே பவானி பக்கம் நகர்த்தினார்.

வெள்ளிக்கிழமை நண்பகல் மருந்தகத்தில் அவர் தனியாக உட்கார்ந்து, அரைகுறையாக நின்றவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்தார். மூன்று தடவையும் அவள் சிடியில் இருந்த வரிசைப்படி மேலிருந்தே தொடங்கியிருந்தாள். வழி தெரியாதவர்கள் வேறு எப்படித் தொடங்குவார்கள்? அந்த வெறும் அறையிலும் அவருக்கு முகம் சுட்டது.

காலையில் இழுப்பறையிலிருந்து எடுத்து வந்த உறையைச் சட்டைப்பையிலிருந்து உருவினார். இதற்கு முன் அது வேண்டும், அதற்கு முன் இது வேண்டும் என்று இறங்கிக்கொண்டே போன பட்டியலின் அடியில் அய்யூப் எழுதியிருந்தார்: 'இது யாரிடமும் எதுவும் கேட்காது. இதிலிருந்து தொடங்கு.'

பவானிக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இத்தனை நாளும் அவர் இழுப்பறையில்தான் கிடந்திருக்கிறது.

பேனாவை எடுத்து அதன் கீழே எழுதினார்: 'உறையை ஒளித்து வைத்தது நான்தான் அஸ்மா. உன்மேல் தப்பில்லை. சிவராஜ்.'

கம்ப்யூட்டரில் இருந்த சிடியை எடுத்து உறைக்குள் நுழைத்து விசைப்பலகைமேல் சாய்த்து வைத்தார். கதவைப் பூட்டி, சொன்னபடி சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்தார். தொழுகை முடிந்து ஆட்கள் தெருவில் இறங்குமுன் ஆற்றங்கரைப் படகுத்துறைப் பக்கமாக நடந்தார்.